காலை எடுத்தா போதும்

அக்கா, அந்த ஜன்னல் சீட்டைக் கொஞ்சம் தர்றீங்களா? காத்துக்காக இல்லீங்க. வாந்தியும் வராது, சேலையை ஒதுக்க வேண்டாம். எதிர்ல இறங்கி வர்ற வண்டியெல்லாம் எனக்குத் தெரியணும், அவ்வளவுதான். ரொம்ப தேங்க்ஸுங்க.

நீங்களும் பாருங்க. பச்சை வண்டி. சின்னது, ரெண்டே சீட்டு, மேலே கூரை கிடையாது, நம்ம இடுப்பு உசரம்தான் இருக்கும். வெள்ளை மீசைக்காரர் ஒருத்தர் ஓட்டிட்டு வருவாரு. பக்கத்துல ஒரு பாப்பா இருக்கும். பார்த்ததும் கத்துங்க. வெக்கப்படாதீங்க, நானும் கூடவே கத்துவேன். டிரைவரண்ணன்கிட்ட ஏறும்போதே சொல்லிட்டேன், பச்சை வண்டி வந்தா பஸ்ஸைக் குறுக்க நிறுத்துங்கன்னு. அவரு என்னை மேலயும் கீழயும் பார்த்துட்டு, "டிக்கெட் எடுத்தாச்சா பாப்பா"ன்னாரு. நம்ம பேச்சுக்கு இருக்கற மரியாதை அவ்வளவுதான்.

சத்தத்தை நம்பி இருந்துடாதீங்க. அந்த வண்டிக்குச் சத்தமே இல்லை. கரண்ட் வண்டி.

பயமாங்க? எனக்கா? அதெல்லாம் இல்லை. சரி, பயம்தான். பொய் சொல்லி என்ன ஆகப்போகுது. அந்தத் தாத்தாவும் பாப்பாவும் வீட்டை விட்டுக் கிளம்பறதுக்குள்ள நான் குன்னூர் போய்ச் சேரணும். சேரலைன்னா அந்த வண்டி இந்த மலையில நிக்காது அக்கா. இறங்க ஆரம்பிச்சா நிக்கவே நிக்காது. அது எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது.

போன் பண்ணாம இருப்பேனா? மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டுல நின்னு விடாம அடிச்சேன். ரிங் போகுது, எடுக்கலை. இப்பப் பாருங்க, கல்லாறு தாண்டினதும் டவர் செத்துப்போச்சு. ஒரு கட்டை கூட இல்லை. என்னங்க? இருங்க இருங்க, முதல்ல இருந்து சொல்லிடறேன், அப்பதான் உங்களுக்குப் புரியும்.

என் பேரு பிருந்தா. சிங்காநல்லூர். ப்ளஸ் ஒன் பாதியில நின்னுட்டேன். ஃபெயில் எல்லாம் இல்லை, நானேதான் நின்னேன். ஒருத்தர் பேசிக்கிட்டே இருக்க, நாம கையைக் கட்டிக்கிட்டுக் கேட்டுக்கிட்டே இருக்கறது எனக்கு ஆகாதுங்க. பாதி சொல்லும்போதே மீதி எனக்குப் புரிஞ்சுரும். அப்புறம் எதுக்கு உட்கார்ந்திருக்கணும்? அப்பா கொஞ்ச நாள் என்கிட்டப் பேசலை. எங்க தெருவுல சகாயம் அண்ணன்னு ஒருத்தர் பழைய காருக்கு ஒர்க்‌ஷாப் வச்சிருக்காரு. அங்க போய் நின்னேன்.

"பொம்பளைப் புள்ளைக்கு இங்க என்ன அம்மிணி வேலை?"ன்னாரு.

"வேலை இருக்கா இல்லையா, அதைச் சொல்லுங்கண்ணா"ன்னேன்.

சிரிச்சுட்டு ஸ்பேனரைக் கையில குடுத்தாரு.

சகாயம் அண்ணன் பண்றது சாதாரண வேலை இல்லைங்க. அந்தக் காலத்துல சீமையில செஞ்ச ஸ்போர்ட்ஸ் கார் சில வீட்டு ஷெட்டுல இன்னும் தூங்கிட்டுக் கெடக்கும். பார்ட்ஸ் கிடைக்காது, ஓடாது, விக்கவும் மனசு வராது. அதுல இருந்து பெட்ரோல் இன்ஜினைக் கழட்டித் தூக்கிட்டு, மோட்டாரும் பேட்டரியும் வச்சு, கரண்ட் வண்டியா மாத்திக் குடுப்பாரு. வெளிய இருந்து பார்த்தா அதே வண்டி. சில பேரு வந்து திட்டுவாங்க, உசுரை எடுத்துட்டு பொம்மையை வச்சுட்டீங்கன்னு. ஓடாம கெடக்கறதுக்கு பொம்மையா ஓடினா என்னன்னு நான் கேப்பேன். அண்ணன் என் வாயைப் பொத்துவாரு.

வயரிங் என் வேலை. மோட்டாருக்கு எப்ப எவ்வளவு கரண்ட் போகணும்னு லேப்டாப்ல செட் பண்றதும் நான்தான். அண்ணனுக்குக் கண்ணாடி போட்டாலும் அந்தப் பொடி எழுத்து தெரியாது.

அந்தப் பச்சை வண்டி போஜன் சாரோடது. குன்னூர்ல எஸ்டேட் மேனேஜரா இருந்து ரிடையர் ஆனவரு. வாலிபத்துல அதே வண்டியில ரேஸ் ஓட்டினாராம். நாங்க இன்ஜினைச் சங்கிலி போட்டுத் தூக்கின அன்னைக்கு நேர்ல வந்து நின்னாரு. அப்புறம் அந்த இன்ஜினைக் கழுவித் துடைச்சு வண்டியில ஏத்திட்டுப் போய் வீட்டு ஹால்ல வச்சுக்கிட்டாரு. சோபா பக்கத்துல இன்ஜினை வச்சுக்கிட்டு யாராவது டிவி பார்ப்பாங்களா?

அக்கா, அதோ பச்சை! இல்லை. முட்டைக்கோஸ் ஏத்தின வண்டி. சாரிங்க, உங்க கையை அமுக்கிட்டேன்.

எங்க விட்டேன்? இன்ஜின். இன்ஜினோட கியர் பாக்ஸையும் எடுத்துட்டோம். மோட்டாருக்குக் கியர் தேவையில்லை. ஆனா கியர் கம்பி இருந்த இடம் ஓட்டையா, பல்லு விழுந்த மாதிரி இருந்துச்சு. பார்க்க நல்லா இருக்கட்டுமேன்னு நான்தான் பழைய கம்பியையே மேல மாட்டி வச்சேன். நல்லா அசையும், முன்னப் பின்னத் தள்ளலாம். கீழ ஒண்ணும் கிடையாது. சார் பார்த்துட்டு அதுல கையை வச்சுக்கிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாரு. பிரேக்கையும் மாத்த விடலை. "அது ஒண்ணாவது பழசா இருக்கட்டும்பா"ன்னு அண்ணன்கிட்டக் கெஞ்சினாரு. பேட்டரி வச்சதுல வண்டி முன்னைவிடக் கனமாயிருச்சு, பிரேக்கு மட்டும் தாத்தா காலத்துது.

இப்ப நான் சொல்றதுதான் முக்கியம். உங்க காலத்துல, கோவிச்சுக்காதீங்க, சைக்கிள்ல டைனமோ இருந்துச்சில்ல? டயர்ல சாய்ச்சு விட்டா லைட் எரியும், ஆனா மிதிக்கக் கனமா இருக்கும். அதேதான் இங்கயும். ஆக்சிலேட்டர் பெடல்ல இருந்து காலை எடுத்தா நம்ம மோட்டாரே டைனமோ ஆயிடும். ஓடற ஓட்டத்தைக் கரண்ட்டா மாத்தி பேட்டரிக்கு அனுப்பும். அந்தக் கனம் வண்டியைப் புடிச்சு இழுக்கும். பிரேக்கை மிதிக்கவே வேண்டாம், காலை எடுத்தா போதும், வண்டி தானா அடங்கும். கோயமுத்தூர்ல அவினாசி ரோட்டுல ஓட்டிக் காட்டினேன். சார் சின்னப் புள்ளையாட்டம் கை தட்டினாரு.

முந்தாநேத்து வண்டியை லாரியில ஏத்திக் குன்னூர் கொண்டு போனோம். சகாயம் அண்ணனுக்கு ஒரு பழக்கம். வண்டியை ஓனர் கையில குடுக்கும்போது டேங்க் நிரப்பித்தான் குடுப்பாரு. பெட்ரோல் காலத்துல இருந்தே அப்படித்தான். டயருக்கு எலுமிச்சம்பழம், வயித்துக்கு முழு டேங்க். பாதி டேங்க்ல குடுத்தா வெறும் தட்டை நீட்டற மாதிரின்னு சொல்வாரு. அதனால சார் வீட்டு போர்ட்டிகோவுல சார்ஜ் போட்டு, "கடைசி வரைக்கும் ஏத்து அம்மிணி, ஒரு கோடு கூடக் குறையக்கூடாது"ன்னாரு. ஏத்தினேன். ஃபுல். அண்ணன் பழத்தை வச்சு நசுக்கினாரு. எல்லாரும் கை தட்டினாங்க.

சாரோட பேத்தி மிதுனா, ரெண்டாவது படிக்குது. காதுல வந்து நொய் நொய்ன்னு கேள்வி. பேட்டரிக்குப் பசிக்குமா, தூங்குமா, மழை பெஞ்சா அழுமா. "தள்ளி நில்லு, ஷாக் அடிக்கும்"னு விரட்டினேன். தாத்தா அதுக்கு மேல.

"ஏம்மா, நம்ம மலையில இறங்கும்போது..."

"காலை எடுத்தா போதும் சார். புடிச்சுக்கும்."

"அது சரிம்மா, நான் கேக்கறது என்னன்னா..."

"கியரை மறந்துடுங்க சார். பிரேக்கையும் மறந்துடுங்க. காலை எடுங்க, நிக்கும்."

அதுக்குள்ள எனக்குப் போன் வந்துச்சு, போயிட்டேன். வயசானவங்க ஒரே விஷயத்தை நாலு விதமாக் கேப்பாங்க இல்லீங்களா? நான் தெளிவாத்தான் சொன்னேன்.

கிளம்பறப்ப சார் சொன்னாரு, ஞாயித்துக்கிழமைதான் நல்ல நேரம், அது வரைக்கும் தொடமாட்டேன்னு. டிபன் முடிச்சுட்டு பேத்தியைப் பக்கத்துல வச்சுக்கிட்டு மேட்டுப்பாளையம் வரைக்கும் இறங்குவாராம். அங்க அதுக்கு மலை ரயில் ஸ்டேஷனைக் காட்டுவாராம். இன்னைக்கு ஞாயித்துக்கிழமை அக்கா.

நாங்க குன்னூர்லயே தங்கி, நேத்து இறங்கினோம். அண்ணன் லாரியில முன்னாடி போயிட்டாரு, நான் பஸ்ல. டிரைவர் பக்கத்துல உட்கார்ந்திருந்தேன். வளைவு ஆரம்பிச்சதும் மனுஷன் கியரைக் குறைச்சுட்டாரு. இன்ஜின் உறுமுது, வண்டி ஊருது. "ஏண்ணா இப்படி உருட்டறீங்க, மேல கியர் போட்டுப் போங்களேன்"ன்னேன். "பாப்பா, இறக்கத்துல இன்ஜின்தான் வண்டியைப் புடிக்குது. நான் பிரேக்கை லேசாத் தொட்டுக்கறேன், அவ்வளவுதான். பிரேக்கையே மிதிச்சுட்டு இறங்கினா பாதி மலையில தீஞ்சுரும். அப்புறம் மிதிச்சாலும் கேக்காது"ன்னாரு.

அப்பதான் எனக்கு உறைச்சுது.

எங்க ஒர்க்‌ஷாப்புல ஒரு சங்கதி உண்டு. ஃபுல் சார்ஜ் போட்டு வண்டியை வெளிய எடுத்தா, முதல் தெருவுல காலை எடுத்தாலும் புடிக்காது. வழுக்கிட்டுப் போகும். மெயின் ரோடு வந்து கொஞ்சம் ஓடினாத்தான் சரியாகும். "முதல்ல முரண்டு புடிக்கும், விடு அம்மிணி"ன்னு அண்ணன் சொல்வாரு. லேப்டாப்ல மஞ்சளா ஏதோ எழுத்து வரும், நானும் ஓகே அடிச்சுட்டுப் போயிருவேன். நேத்து பஸ்லதான் ஏன்னு யோசிச்சேன். நிறைஞ்ச டேங்க்ல மேல ஊத்த முடியுமா? பேட்டரி ஃபுல்லா இருக்கு, இடமில்லை. இடமில்லாட்டி டைனமோ கரண்ட் எங்க போகும்? போக முடியாட்டி மோட்டார் புடிக்காது, சும்மா சுத்தும். சிங்காநல்லூர்ல பரவாயில்லை, சமதளம், கொஞ்சம் ஓடினா சார்ஜ் குறையும், இடம் கிடைக்கும். குன்னூர்ல இருந்து ஒரே இறக்கம் அக்கா. சார்ஜ் குறையவே குறையாது. கீழ வந்து சேர்ற வரைக்கும் வண்டியைப் புடிக்க ஒண்ணுமே இல்லை. அந்தப் பழைய பிரேக்கைத் தவிர.

அண்ணனுக்குப் போன் பண்ணினேன். "அவரு ரேஸ் ஓட்டின ஆளு, நீ அவருக்கு இறங்கச் சொல்லித் தர்றியா? உனக்கு எல்லாத்துலயும் அவசரம், போய்த் தூங்கு"ன்னு வச்சுட்டாரு. சாருக்கு அடிச்சா சுவிட்ச் ஆஃப். எங்க தூங்கறது? கண்ணை மூடினா அந்தப் புள்ளை ரெட்டைச் சடையோட பக்கத்து சீட்டுல உட்கார்ந்திருக்கறது தெரியுது. கூரை இல்லாத வண்டியில. எனக்கு யார் மேலயும் பெரிய பாசமெல்லாம் கிடையாதுங்க. ஒர்க்‌ஷாப் பேரு கெட்டுரும்னுதான்.

பையில என்ன தேடறீங்க, டிக்கெட்டா? அதை அப்புறம் தேடலாம் அக்கா. ரோட்டைப் பாருங்க, ரோட்டை.

புர்லியார். ஐயோ, இங்க எதுக்கு நிறுத்தறாரு? டீக்கா? இப்பவா டீ? பாருங்க, எல்லாரும் இறங்கி பலாச்சுளை வாங்கறாங்க. குரங்குக்கு வேற குடுக்கறாங்க. யாருக்கும் ஒரு அவசரமும் இல்லை. இருங்க, வர்றேன்.

...கேட்டுச்சுங்களா ஹார்ன்? நான்தான் அடிச்சேன். டிரைவர் டம்ளரோட ஓடி வந்து திட்டினாரு. "யார் பெத்த புள்ளைடி நீ?"ன்னாரு. திட்டட்டும். ஏறிட்டாரில்ல?

மணி பாருங்க. இந்நேரம் டிபன் முடிஞ்சிருக்கும். தாத்தா மெதுவாத்தான் சாப்பிடுவாரு, இட்லியைப் பிட்டுப் பிட்டு. நல்ல நேரம் இருக்கில்ல, அது வரைக்கும் நிப்பாரு. நிப்பாருங்களா? சொல்லுங்க. இல்லை, சொல்லாதீங்க. நீங்க ஏதாவது சொல்ல, அது மாதிரி ஆயிடும்.

முதல் வளைவுல காலை எடுப்பாரு. புடிக்காது. அப்ப என்ன செய்வாரு? உடனே பிரேக்கை மிதிச்சு ஓரம் கட்டிட்டா தப்பிச்சுக்கலாம். ஆனா ஓரம் கட்டுவாரா? நான்தான் புடிச்சுக்கும்னு... சரி விடுங்க. ரேஸ் ஓட்டினவரு. அண்ணன் சொன்னது சரிதான். தெரியும் அவருக்கு.

ஏன் மெதுவாப் போகுது? ஏன் நிக்குது? முன்னாடி லாரி நிக்குது. அதுக்கு முன்னாடியும் நிக்குது. மேல இருந்து ஒரு வண்டியும் வரலை பார்த்தீங்களா? எவ்வளவு நேரமா வரலை? நான் பேசிக்கிட்டே கவனிக்கலை. நீங்க கவனிச்சீங்களா?

கண்டக்டரண்ணா! என்னாச்சுண்ணா? ...மலையில மோதியா? என்ன வண்டி? கலர் என்ன? என்ன கலருன்னு யாரையாவது கேளுங்கண்ணா.

தெரியாதாம். கார்னு மட்டும் சொல்றாங்களாம்.

அக்கா, என்னால எந்திரிக்க முடியலை. நிஜமாத்தான். வேற கார்கூட இருக்கலாமில்ல? ஞாயித்துக்கிழமை எத்தனை டூரிஸ்ட் வருவான். நான் போகலை. இங்கயே இருக்கேன். வழி விட்டதும் பஸ்லயே போய்ப் பார்த்துக்கலாம். தள்ளாதீங்க அக்கா. சரி. சரி, போறேன். என் பையை மட்டும் பார்த்துக்குங்க. அதுல லேப்டாப் இருக்கு.

*

கொஞ்சம் நகருங்க அக்கா, இவ நடுவுல உட்காரட்டும். மிதுனா, இவங்க நல்ல அக்கா, எனக்கு ஜன்னல் சீட்டுக் குடுத்தவங்க. இல்லீங்க, பெருசா அடி இல்லை. முழங்கையில சிராய்ப்புதான். அந்தச் செவப்பு மருந்துங்க, ரத்தம் இல்லை. சாரும் உசுரோட இருக்காரு. மணிக்கட்டு ஒடிஞ்சிருக்கும் போல. இருங்க, மூச்சு வாங்கிக்கறேன்.

வரிசையா லாரி, வேன், காரு. நடுவுல ஓடறேன். எதிர்ல ஒரு ஆளு இறங்கி வந்தாரு. "போகாத பாப்பா, நீ பார்க்கற மாதிரி இல்லை"ன்னாரு. அக்கா, அந்த ஒரு வார்த்தை. அங்கயே ரோட்டுல உட்கார்ந்துட்டேன். ஒரு லாரிக்காரர் தண்ணி பாட்டிலைக் குடுத்து எழுப்பி விட்டாரு. அந்த ஆளு ஒண்ணையும் பார்க்கவே இல்லைங்க, கூட்டத்தை மட்டும் தூரத்துல நின்னு பார்த்துட்டு வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டுப் போயிருக்கான்.

வளைவு திரும்பறதுக்கு முன்னாடியே வாசனை வந்துச்சு. பிரேக்கு தீஞ்ச வாசனை. ரோடு அகலப்படுத்தறதுக்கு மலைப்பக்கமா மண்ணைக் கொட்டி வச்சிருக்காங்க. அதுக்குள்ள மூஞ்சியைப் பொதைச்சுட்டு நின்னுச்சு வண்டி. பானெட்டு மடிஞ்சு, பச்சையெல்லாம் செம்மண்ணு. சனங்க சுத்தி நின்னு செல்ஃபி எடுக்கறாங்க. பேட்டரி அடிபட்டிருந்தா எந்த நேரமும் தீ புடிக்கும், அது இந்தச் சனங்களுக்குத் தெரியாது. நான் போட்ட சத்தத்துல எல்லாரும் ஓடிட்டாங்க. சீட்டுக்கு அடியில கையை விட்டு மெயின் சுவிட்சைப் புடுங்கினேன். அப்புறம்தான் திரும்பிப் பார்த்தேன்.

சார் ஓரத்துக் கட்டைச் செவுத்துல உட்கார்ந்திருக்காரு. கையைத் துண்டுல கட்டித் தொங்க விட்டிருக்காங்க. இவ அவரோட சட்டையைப் புடிச்சுட்டு நிக்கறா.

"வந்துட்டியாம்மா"ன்னாரு. நான் வருவேன்னு தெரிஞ்ச மாதிரி.

"சார்"னேன்.

"நீ சொன்ன மாதிரியே காலை எடுத்தேம்மா. புடிக்கலை. சரி, கொஞ்சத்துல புடிக்கும்னு அடுத்த வளைவு வரைக்கும் பார்த்தேன். அதுக்கு அடுத்த வளைவும் பார்த்தேன். நீ அவ்வளவு உறுதியாச் சொன்னியே."

நான் இவ சடையில ஒட்டியிருந்த மண்ணைத் தட்டி விட்டேன் அக்கா.

"அப்புறம் பிரேக்கைப் போட்டேன். கொஞ்ச தூரம் தாங்குச்சு. அதுக்கு மேல பஞ்சை மிதிக்கற மாதிரி உள்ள போயிருச்சு. எனக்கே தெரியாம கை கியருக்குப் போச்சு. ஐம்பது வருஷப் பழக்கம் பாரு. ரெண்டாவது கியருக்குத் தள்ளினேன். தள்ளினா அழகாப் போகுதும்மா. ஆனா அங்க ஒண்ணுமே இல்லை."

அதைச் சொல்லும்போது மட்டும்தான் அவரு குரல் ஆடுச்சு. மண்ணுக்குள்ள விட்டதை, கை ஒடிஞ்சதையெல்லாம் சாதாரணமாச் சொன்னாரு. அங்க ஒண்ணுமே இல்லைன்னு சொல்றப்பதான்.

திட்டுவாருன்னு தலையைக் குனிஞ்சுட்டு நின்னேன். அவரு திட்டற ஆள் இல்லை. "அன்னைக்கு நான் கேக்க வந்தது இதைத்தான்"னாரு. "எங்க எஸ்டேட் ஓடையில தண்ணியில சுத்தற சின்னக் கரண்ட் மெஷின் ஒண்ணு இருந்துச்சு. கரண்ட்டை எடுத்துக்க ஆள் இல்லைன்னா அது புடி இல்லாம சுத்தும். இதையும் ஃபுல்லா ஏத்திட்டமே, இறக்கத்துல வர்ற கரண்ட் எங்கம்மா போகும்னு கேக்க வந்தேன். உனக்குப் போன் வந்துருச்சு."

அவ்வளவுதான் சொன்னாரு. அந்தப் போன் யாரு தெரியுங்களா? என் ஃப்ரெண்டு. அவளோட பர்த்டேக்கு எந்தக் கலர் சுடிதார் போடறதுன்னு கேக்கக் கூப்பிட்டா.

ஆம்புலன்ஸ் வந்துச்சு. இவ ஏறமாட்டேன்னு ஒரே அழுகை. யார் தூக்கினாலும் உதைக்கறா. எந்தக் காரும் வேண்டாமாம், வேனும் வேண்டாமாம். சார் என்னைப் பார்த்து, "நீ இவளை பஸ்ல கூட்டிட்டு வந்துரும்மா. இவ அம்மாவுக்குச் சொல்லிடு, குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்கு வருவா"ன்னாரு. என்கிட்ட. என்கிட்டக் குடுக்கறாரு அக்கா இவளை. வேண்டாம் சார், என்னை நம்பாதீங்கன்னு சொல்ல வாயெடுத்தேன். அதுக்குள்ள இவ வந்து என் விரலைப் புடிச்சுக்கிட்டா.

சரி, இவ அம்மாவுக்குச் சொல்லணும். என் போன்ல இன்னும் டவர் இல்லை. என்னங்க? உங்க போனா? குடுங்க, குடுங்க. நாலு கட்டை காட்டுதே! இது எப்ப இருந்து...

கல்லாறுல இருந்தேவா?

அப்பவே சொல்லியிருக்கலாமே அக்கா... சொல்ல வந்தீங்களா. பையில இருந்து எடுத்தீங்களே, அதுவா. நான் டிக்கெட்டுன்னு நினைச்சேன்.

மிதுனா, சாமி, உன் கையில இருக்கறது தாத்தா போனா? காலையில நான் கூப்பிட்டப்ப ஏன் யாரும் எடுக்கலை? உள்ள சார்ஜ்ல இருந்துச்சா. சரி. வண்டியில வர்றப்ப? உன் மடியிலயா? விளையாடிட்டே வந்தியா. யாராவது கூப்பிட்டிருந்தா எடுத்திருப்பியா?

எடுத்திருப்பாளாம். தாத்தாவுக்கு வர்ற போனை எல்லாம் இவதான் எடுப்பாளாம். அதுலயும் நாலு கட்டை.

நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க அக்கா. இல்லை, சொல்லுங்க. நீங்க சொல்லுங்க. நான் கேக்கறேன்.

...ம்.

...ம்.

ஆமாங்க. பஸ் கிளம்பிருச்சு. சத்தம்தான் சாமி அது, ஒண்ணும் இல்லை, புடிச்சுக்க. என்ன? கேளு. எவ்வளவு வேணும்னாலும் கேளு. பஸ்ஸுக்குக் கியர் இருக்கா? இருக்கு. அதோ, அந்த டிரைவர் மாமா கையில நீளமா இருக்கு பாரு, அதான்.

கீழயா? கீழ ஏதாவது இருக்கான்னா கேக்கறே?

தெரியலை சாமி. நான் பார்த்ததில்லை. இருக்கும்னு நினைக்கறேன், ஆனா தெரியலை. வா, அவரையே கேக்கலாம். என்னை நல்லாத் திட்டினவரு, கேட்டா சொல்லுவாரு. அக்கா, கொஞ்சம் வழி விடுங்க.